ஸ்டாண்ட்-அப் காமெடியன் ஆகணுமா? வேலையை விடுறதுக்கு முன்னாடி இந்த 13 மணி நேரக் கணக்கைப் பாருங்க!

ஆபீஸ் டீ பிரேக்கில் மேனேஜர் மாதிரியே பேசிக் காட்டி மொத்த டீமையும் சிரிக்க வைக்கும் ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார். "மச்சான், நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல. பேசாம ஸ்டாண்ட்-அப் பண்ணு" என்று நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள். அன்று இரவு யூடியூபில் நாலு காமெடி வீடியோ ஓடும். மறுநாள் காலையில் ராஜினாமா மெயில் டைப் பண்ண கை பரபரக்கும்.

அந்த மெயிலை இப்போதைக்கு டிராஃப்ட்டிலேயே வைத்திருப்பது நல்லது.

ஸ்டாண்ட்-அப் காமெடி இன்று தமிழ்நாட்டில் உண்மையிலேயே ஒரு தொழில். டிக்கெட் வாங்கிக்கொண்டு மக்கள் வருகிறார்கள், ஓடிடியில் நிகழ்ச்சிகள் வருகின்றன, வெளிநாட்டுத் தமிழர்கள் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் பாதை எப்படி இருக்கும், காசு எங்கிருந்து வரும், எப்போது வேலையை விடலாம், எதைப் பேசினால் சிக்கல் வரும் என்று பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்டாண்ட்-அப் என்றால் என்ன? மிமிக்ரி, பட்டிமன்றத்திலிருந்து எப்படி வேறு?

ஒரு மைக், ஒரு ஆள், எதிரே பார்வையாளர்கள். வேஷம் கிடையாது, செட் கிடையாது, கூட நடிக்க ஆள் கிடையாது. சொந்தமாக எழுதியதை, சொந்தக் குரலில், நேராகப் பார்வையாளர்களிடம் பேசிச் சிரிக்க வைப்பதுதான் ஸ்டாண்ட-அப்.

தனி ஆளாக மேடையில் நின்று சிரிக்க வைப்பது தமிழர்களுக்குப் புதிது கிடையாது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறார். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் இருக்கிறார். வில்லுப்பாட்டில் தொடங்கி சினிமாவுக்கு வந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், 1949-ல் வெளியான 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' காலட்சேபத்தைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகச் சுமந்தார். சாலமன் பாப்பையா, திண்டுக்கல் ஐ.லியோனி போன்றவர்கள் பட்டிமன்ற மேடையில் பல ஆயிரம் பேரைச் சிரிக்க வைத்தவர்கள்.

பிறகு டிவி காலம் வந்தது. 2005-ல் விஜய் டிவியில் தொடங்கிய 'கலக்கப்போவது யாரு' நிகழ்ச்சி, சிவகார்த்திகேயன் உட்படப் பலரை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. ஆனால் அங்கே மிமிக்ரிக்கும் கெட்டப்புக்கும்தான் முதல் இடம். நடிகரின் குரல் அச்சு அசலாக வந்தால் கைதட்டல் விழும்.

ஸ்டாண்ட்-அப்பில் கேள்வியே வேறு. "யார் மாதிரி பேசுறே?" என்று யாரும் கேட்பதில்லை. "நீ யாரு? உனக்கு என்ன தோணுது?" என்பதுதான் கேள்வி. மிமிக்ரி நன்றாக வருபவர்களே முதல் மேடையில் திணறுவதற்கு இது முக்கியக் காரணம்.

முதல் படி எது?

ஓபன் மைக். இதைத் தவிர வேறு நுழைவாயில் கிடையாது.

ஒரு கஃபேயிலோ சிறிய அரங்கத்திலோ வார நாட்களில் மாலையில் நடக்கும் பயிற்சி மேடைதான் ஓபன் மைக். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். பொதுவாக ஒருவருக்கு நாலு அல்லது ஐந்து நிமிடம் கிடைக்கும். நேரம் முடியப் போகிறது என்றால், பின்வரிசையில் இருந்து ஒருவர் செல்போன் டார்ச்சைக் காட்டுவார். அதற்கு 'லைட்' என்று பெயர். லைட் விழுந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தால் அடுத்த வாரம் இடம் கிடைப்பது கஷ்டம். அடுத்தவருடைய நேரத்தைத் தின்பது இந்தத் தொழிலில் பெரிய மரியாதைக் குறைவு.

சென்னையில் இந்த மேடைகள் அதிகம். பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் அங்கும் போய் வருபவர்கள் உண்டு. ஓபன் மைக் அறிவிப்புகள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமிலும் டிக்கெட் தளங்களிலும்தான் வரும். ஒரு கூகுள் ஃபார்ம் நிரப்ப வேண்டியிருக்கும். சில இடங்களில் மேடை ஏறுபவரிடமே சிறு கட்டணம் வாங்குவார்கள் அல்லது ஒரு காபியாவது வாங்கச் சொல்வார்கள். பெயர் கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் முறை பெயர் கொடுக்காமல், பார்வையாளராக இரண்டு மூன்று ஓபன் மைக் போய் உட்காருங்கள். யூடியூபில் பார்ப்பது ஒருவர் பல மாதம் தேய்த்துத் தேய்த்து எடுத்த ஒரு மணி நேரம். ஓபன் மைக்கில் பார்ப்பது அந்தத் தேய்ப்பு. பிரபலமானவர்களே புது ஜோக்கைப் பரிசோதிக்க அங்கே வந்து, சிரிப்பே வராமல் இறங்கிப் போவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும்.

பெண்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது. நிகழ்ச்சி முடிய இரவாகிவிடும். பல நாட்கள் மொத்த லிஸ்ட்டில் ஒரே பெண்ணாக இருக்க வேண்டிவரும். வீட்டுக்குத் திரும்பும் பஸ், டிரெயின் நேரத்தைச் சொல்லி முன்வரிசை இடம் கேட்பதில் தவறே இல்லை. நடத்துபவர் முகம் சுளித்தால், வேறு மேடை தேடலாம்.

அந்த 13 மணி நேரக் கணக்கு என்ன?

இதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு.

ஒருவர் வாரத்துக்கு மூன்று ஓபன் மைக் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஐந்து நிமிடம் என்றால் வாரத்துக்கு 15 நிமிடம். ஒரு வாரம்கூட விடாமல் 52 வாரம் போனாலும் மொத்தம் 780 நிமிடம். அதாவது 13 மணி நேரம்.

ஒரு வருஷம் முழுக்க, மழையிலும் டிராஃபிக்கிலும் அலைந்து, வாரம் மூன்று நாள் தூக்கம் கெட்டு ஒருவர் மேடையில் நின்றது 13 மணி நேரம்தான். இரண்டு ஆபீஸ் ஷிஃப்ட்கூட முழுசாக வராது. இரண்டு நாள் வேலை பார்த்தவரை "அனுபவசாலி" என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் ஒரு வருஷத்துக்குப் பிறகும் "எனக்கு இன்னும் செட் ஆகலையே" என்று தோன்றுவது சகஜம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஓபன் மைக் நடப்பதே மாலை ஏழு மணிக்கு மேல். வேலையை விட்டால் பகல் முழுக்க ஃப்ரீதான். ஆனால் பகலில் மேடை கிடையாது. ஆக, வேலையை விட்டதால் அந்த 13 மணி நேரம் 26 ஆகப் போவதில்லை. குறையப் போவது வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் மட்டும்தான். போதாக்குறைக்கு, பேச விஷயம் கொடுத்த மேனேஜரும் டீ பிரேக்கும் கையை விட்டுப் போயிருக்கும்.

ஐந்து நிமிடத்தை எப்படி எழுதுவது?

ஒரு ஜோக்கில் இரண்டு பகுதி. 'செட்டப்' என்பது பார்வையாளரை ஒரு திசையில் யோசிக்க வைப்பது. 'பஞ்ச்' என்பது அந்தத் திசையைச் சட்டென்று திருப்புவது. பஞ்சுக்குப் பிறகு அதே விஷயத்தில் தட்டும் சின்னச் சின்னக் கூடுதல் சிரிப்புகளுக்கு 'டேக்' என்று பெயர். முன்னால் சொன்ன ஒன்றை ரொம்ப நேரம் கழித்து எதிர்பாராத இடத்தில் கொண்டுவருவது 'கால்பேக்'.

ஒரு உதாரணம் பார்க்கலாம். புதிதாக எழுதுபவர் ஒருவர் முதலில் இப்படித்தான் எழுதுவார்:

"எங்க அப்பாவுக்கு டெக்னாலஜி மேல நம்பிக்கையே கிடையாது. ரொம்ப சந்தேகப்படுவாரு. போன வாரம் நானும் அவரும் மார்க்கெட் போனோம். அங்க கொத்தமல்லி வாங்கினோம். பத்து ரூபா ஜிபே பண்ணினாரு. பண்ணிட்டு, பணம் போச்சா போகலையான்னு கடைக்காரர்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருந்தாரு. ஆனா என்னைப் பத்தி அவரு இவ்வளவு கவலைப்பட்டதே இல்ல."

விஷயம் இருக்கிறது, சிரிப்பு இல்லை. "நம்பிக்கை கிடையாது", "சந்தேகப்படுவாரு", "கவலைப்பட்டதில்ல" என்று எல்லாவற்றையும் அவரே விளக்கிவிட்டார். பார்வையாளர் கண்டுபிடிக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை. இதையே பத்து மேடை ஏறி இறங்கிய பிறகு இப்படி மாற்றலாம்:

"எங்க அப்பா பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கி ஜிபே பண்ணிட்டு, கடைக்காரர்கிட்ட நாலு தடவை கேப்பாரு: 'வந்துருச்சா தம்பி? வந்துருச்சா?' நான் டெய்லி நைட்டு பன்னெண்டு மணிக்கு வீட்டுக்கு வர்றேன். ஒரு தடவைகூட கேட்டதில்ல, 'வந்துட்டியா தம்பி?'"

இப்போது டேக்: "நானும் ஒரு சவுண்ட் பாக்ஸ் வாங்கி கழுத்துல மாட்டிக்கப் போறேன். 'மகன்... பெறப்பட்டது!'"

மாறியது என்ன? மார்க்கெட் போன கதை போய்விட்டது. உணர்ச்சியைச் சொல்லும் வார்த்தைகள் போய்விட்டன. சிரிப்பைத் தூண்டும் சொல் வாக்கியத்தின் கடைசிக்கு வந்துவிட்டது. வினைச்சொல்லில் வாக்கியத்தை முடிப்பது தமிழுக்கு இயல்பு. அதனால் சிரிப்புச் சொல் பல நேரம் நடுவில் மாட்டிக்கொள்ளும். பேச்சுத் தமிழில் சொற்களை இடம் மாற்றிப் போட முடியும் என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளலாம். "'வந்துட்டியா தம்பி'ன்னு ஒரு தடவைகூட கேட்டதில்ல" என்று முடித்துப் பாருங்கள். பாதி சிரிப்பு போயிருக்கும்.

எதைப் பற்றி எழுதுவது என்ற குழப்பத்துக்குத் தொல்காப்பியத்திலேயே ஒரு விடை இருக்கிறது. மெய்ப்பாட்டியல் பகுதி எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்க நாலு காரணங்களும் சொல்கிறது. கேலி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, மடத்தனம். இதில் கேலிக்குத்தான் பெரும்பாலும் இன்னொரு ஆள் வேண்டும். மற்ற மூன்றும் நம்மிடமே தாராளமாகக் கிடைக்கும். நாம் அவமானப்பட்ட இடம், பயந்த இடம், தெரியாமல் மாட்டிக்கொண்ட இடம். எழுத ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சுரங்கம் கிடையாது.

தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. வாட்ஸ்அப் ஃபார்வர்டு, யூடியூபில் கேட்ட ஜோக், இந்தி காமெடியனின் ஜோக்கைத் தமிழில் மாற்றியது. இது எதுவுமே வேண்டாம். ஜோக் திருட்டு என்ற பெயர் ஒருமுறை வந்தால் அது சுலபத்தில் போகாது. ஓபன் மைக்கில் உட்கார்ந்திருப்பதில் பாதிப் பேர் மற்ற காமெடியன்கள். உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

யாருமே சிரிக்கவில்லை என்றால்?

அதற்கு 'பாம்' ஆவது என்று பெயர். எல்லோருக்கும் நடக்கும். பல வருஷம் மேடையில் இருப்பவர்களுக்கும் நடக்கும்.

மேடையில் ஐந்து நிமிட மௌனம் ஐந்து மணி நேரமாகத் தெரியும். அப்போது பார்வையாளரைத் திட்டுவதோ, "இந்த ஜோக் நேத்து நல்லா வொர்க் ஆச்சு" என்று புலம்புவதோ உதவாது. எழுதி வந்ததை ஒழுங்காக முடித்து, நன்றி சொல்லி இறங்குவதுதான் தொழில் ஒழுக்கம்.

இறங்கிய பிறகுதான் வேலை. ஒவ்வொரு முறையும் செல்போனில் ஆடியோ பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து கேட்பது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் கேளுங்கள். எந்த விநாடியில் சிரிப்பு வந்தது, எங்கே அவசரப்பட்டு அடுத்த வரிக்குத் தாவினோம், எந்த வார்த்தையை முழுங்கினோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் சிரிப்பு வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் செட்டப் நீளம் என்று அர்த்தம். ஒரு ஜோக்கை ஒரே மேடையில் தோற்றதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்தாறு வெவ்வேறு கூட்டத்தில் தோற்றால் மாற்றுங்கள்.

தமிழா, இங்கிலீஷா, தங்கிலீஷா?

சென்னையில் ஸ்டாண்ட்-அப் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நாடகக் குழுவாகத் தொடங்கிய 'ஏவம்', ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகளையும் நடத்தியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான கார்த்திக் குமார் ஆங்கிலத்தில் தனி நிகழ்ச்சிகள் செய்தார். அரவிந்த் எஸ்.ஏ.வின் 'மெட்ராஸி டா' 2017-ல் அமேசான் பிரைமில் வந்தது. ஆங்கிலம்தான் முதுகெலும்பு, ஆனால் உயிர் சென்னைத் தமிழ்.

பிறகு காற்று தமிழ்ப் பக்கம் திரும்பியது. மென்பொருள் பொறியாளராக இருந்து மேடைக்கு வந்த அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-ல் பிரைமில் வெளியானது. தமிழ் சினிமாப் பாட்டையும் சொந்த வாழ்க்கையையும் கலந்த அந்த நிகழ்ச்சி, ஸ்டாண்ட்-அப் என்ற வார்த்தையே தெரியாத பெரியவர்களையும் உட்கார வைத்தது. குடும்பக் கதைகளைத் தமிழில் சொல்லும் பிரவீன் குமாருக்கும் தனி ரசிகர் கூட்டம் உண்டு. 2020-ல் 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' என்ற போட்டி நிகழ்ச்சி முழுக்கத் தமிழில் வந்தது.

புதிதாக வருபவர்களுக்கு விதி எளிது. எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ, அந்த மொழியில் ஜோக் எழுதுங்கள். மதுரைத் தமிழோ கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ வீட்டில் பேசுபவர், மேடையில் மட்டும் சென்னைத் தமிழுக்கு மாறத் தேவையில்லை. அந்த ஊர்ப் பேச்சுதான் அவருடைய அடையாளம். தமிழில் செய்தால் கோவை, திருச்சி, மதுரை மட்டுமல்ல, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா வரை பார்வையாளர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் செய்தால் மும்பை, டெல்லி கதவு திறக்கும், ஆனால் போட்டி அதிகம். மொழி ஒரு தடையே இல்லை என்பதற்குப் பெரிய உதாரணம் ஜாகிர் கான். 2025 ஆகஸ்ட்டில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் நிகழ்ச்சி நடத்தியது முழுக்க இந்தியில்.

காசு எப்போது வரும்? எங்கிருந்து வரும்?

ஓபன் மைக்கில் காசு கிடையாது. வண்டிக்குப் பெட்ரோல் நம் செலவு.

அடுத்த கட்டம் 'லைன்-அப் ஷோ'. மூன்று நாலு காமெடியன்கள் ஆளுக்கு 10 முதல் 20 நிமிடம் பேசுவார்கள். டிக்கெட் உண்டு. அதன் லாபம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

60 இருக்கை, டிக்கெட் 300 ரூபாய். எல்லாம் விற்றால் 18,000 ரூபாய். இடத்துக்கான பங்கு, டிக்கெட் தளத்தின் கமிஷன், ஒலி-ஒளி, விளம்பரம் எல்லாம் சேர்த்துப் பாதி போகிறது என்று வைத்தால் மிச்சம் 9,000. நாலு காமெடியன், ஒரு தொகுப்பாளர் என ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,800 ரூபாய். மாதம் நாலு ஷோ கிடைத்து, நாலுமே ஹவுஸ்ஃபுல் ஆனால் 7,200 ரூபாய். பாதி அரங்கம் காலியாக இருந்தால்? இடத்துக்கான வாடகை பாதியாகக் குறையாது.

இதற்கு மேல் மூன்று வழிகளில் காசு வரும்.

கார்ப்பரேட் ஷோ: நிறுவனங்களின் ஆண்டு விழா, டீலர் மீட், ஃபேமிலி டே. ஒரு தனி காமெடியனுக்கு நல்ல தொகை பெரும்பாலும் இங்கேதான். ஆனால் கெட்ட வார்த்தை, அரசியல், மதம், கம்பெனி முதலாளி எதையும் தொடக் கூடாது என்பார்கள். எதிரே சாப்பாட்டு மேஜை இருக்கும், பாதிப் பேர் பிரியாணியில் மும்முரமாக இருப்பார்கள். எழுத்தில் ஒப்பந்தம், பாதித் தொகை முன்பணம், நல்ல மைக், சாப்பாட்டுக்கு முன்னால் ஷோ. இந்த நாலையும் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

சோலோ ஷோ: ஒரு மணி நேரம் தனியாக நிற்கும் நிகழ்ச்சி. சொந்தமாகக் கூட்டம் சேர்க்க முடிந்தால் மட்டுமே இதில் லாபம்.

பக்கத்துத் தொழில்கள்: திரைக்கதை, வசனம், விளம்பரம், தொகுப்பாளர், ஆர்ஜே, நடிப்பு. பல காமெடியன்களின் வாடகையைக் கட்டுவது இதுதான். ஜோக் எழுதத் தெரிந்தவருக்கு மேடைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது.

காசு வர ஆரம்பித்ததும் கணக்கும் வேண்டும். நிறுவனங்கள் பொதுவாக டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் பணம் தரும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு அவசியம். ஒவ்வொரு ஷோவுக்கும் பில் போடும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ரீல்ஸ் போட்டாலே போதுமே?

போடத்தான் வேண்டும். இன்று டிக்கெட் விற்பதே ரீல்ஸ்தான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது.

பாட்டு கேட்கக் கேட்கப் பிடிக்கும். ஜோக் அப்படியில்லை. ஒருமுறை கேட்டால் பாதி போய்விடும். நம்மிடம் இருக்கும் ஒரே நல்ல ஐந்து நிமிடத்தை ரீல்ஸாகப் போட்டுவிட்டால், அதைப் பார்த்து டிக்கெட் வாங்கி வருபவருக்குச் சொல்ல என்ன மிச்சம்? பல காமெடியன்கள் முன்வரிசை ஆளிடம் பேசி அங்கேயே சிரிப்பு உண்டாக்கும் 'கிரவுட் வொர்க்' வீடியோக்களை மட்டும் அதிகம் போடுவதற்கு இதுவே காரணம். அது அந்த இரவோடு முடிந்துபோவது. எழுதிய ஜோக் பத்திரமாக இருக்கும். ஆனால் அதிலும் எல்லை உண்டு. வீடியோவில் வரும் பார்வையாளரிடம் அனுமதி கேட்பது குறைந்தபட்ச நாகரிகம்.

யூடியூபில் விளம்பர வருமானம் கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி வியூஸ் வேண்டும். இதை எட்டினாலும் அது மாதச் சம்பளத்துக்கு ஈடாகும் என்ற உத்தரவாதம் கிடையாது. பின்னணியில் சினிமாப் பாட்டு ஒலித்தால் காப்புரிமை உரிமையாளர் அந்த வருமானத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜோக்குக்கு கேஸ் வருமா?

வரும். "சும்மா ஜோக்தானே" என்பது சட்டத்தில் தனி விலக்கு கிடையாது.

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) அதற்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. காமெடியன்கள் மீது வழக்கமாகப் பாயும் பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவில் மூன்று நாலு இருக்கின்றன. மத உணர்வைப் புண்படுத்துவது பிரிவு 299. பிரிவினருக்கு இடையே பகை மூட்டுவது 196. அவதூறு 356. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும்.

2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் முனாவர் ஃபரூக்கி கைது செய்யப்பட்டார். உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது பிப்ரவரி 5-ல். ஒரு மாதத்துக்கு மேல் சிறை. 2025 மார்ச்சில் குணால் கம்ரா, மகாராஷ்டிர துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேவைச் சீண்டிய வீடியோவுக்காக, அது படமாக்கப்பட்ட மும்பை அரங்கமே அடித்து நொறுக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பதாகக் கூறி அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். இடைக்கால முன்ஜாமீன் கிடைத்தது.

இரண்டு சம்பவத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடி காமெடியனுக்கு மட்டும் விழுவதில்லை. மேடை கொடுத்தவருக்கும் விழுகிறது. அதனால்தான் சில அரங்கங்கள் "அரசியல் வேண்டாம்" என்று முன்பே சொல்லிவிடுகின்றன. அரசியல் பேசவே கூடாது என்று அர்த்தமில்லை. கலைவாணர் காலத்திலிருந்தே தமிழ் நகைச்சுவை அதிகாரத்தைக் கேள்வி கேட்டுத்தான் வந்திருக்கிறது. ஆனால் பேசும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இந்த ஜோக் அதிகாரத்தில் இருப்பவரை இடிக்கிறதா, ஏற்கெனவே அடிபட்டவரை இடிக்கிறதா? சொல்லும் தகவல் உண்மையா? நாளை 30 விநாடி கிளிப்பாக வெட்டினாலும் இதற்குப் பொறுப்பேற்க நான் தயாரா?

நிறம், உடல் பருமன், மனைவி, திருநங்கை. இந்த நாலையும் வைத்துத் தமிழ் சினிமாவும் டிவியும் பல வருஷம் ஓட்டிவிட்டன. கேஸ் வருகிறதோ இல்லையோ, இன்றைய ஓபன் மைக்கில் அதற்குச் சிரிப்பு வருவது குறைந்துவிட்டது.

சரி, வேலையை எப்போது விடலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே தேதி கிடையாது. ஆனால் கீழே உள்ள நாலு கேள்விக்கும் "ஆமா" என்று சொல்ல முடிந்தால் யோசிக்கலாம்.

1. நண்பர்களே இல்லாத, முன்பின் தெரியாத கூட்டத்தில், வெவ்வேறு ஊர்களில் நிற்கும் 45 நிமிடமாவது கையில் இருக்கிறதா?

2. தொடர்ந்து ஆறு மாதமாவது காமெடியிலிருந்து வரும் பணம் வாடகையையும் சாப்பாட்டையும் தாங்குகிறதா? ஒரே ஒரு கார்ப்பரேட் ஷோவில் வந்த பெரிய தொகையை மாதச் சம்பளமாக நினைக்கக் கூடாது.

3. ஒரு வருஷச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறதா? கோவிட் காலத்தில் மேடைகள் மொத்தமாக மூடிக் கிடந்ததை மறக்க வேண்டாம். கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸும் வேலையோடு போய்விடும்.

4. வேலை காரணமாக நிஜமாகவே ஷோக்களை விட வேண்டியிருக்கிறதா? வெளியூர் வாய்ப்புகள் லீவு கிடைக்காததால் கைநழுவினால், அப்போதுதான் வேலை தடையாக இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை வேலைதான் ஸ்பான்சர்.

வீட்டில் சொல்வது தனிக் கதை. "காமெடி பண்ணப் போறேன்" என்றால், "இப்ப மட்டும் என்ன பண்ணிட்டு இருக்க?" என்ற பதில் நிச்சயம். அந்தப் பதிலிலேயே ஒரு ஜோக் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் உண்மையான பயமும் இருக்கிறது. கல்விக் கடன், வீட்டு இஎம்ஐ, தங்கை கல்யாணம். அதற்கு வாய்ப்பேச்சில் பதில் சொல்வதைவிட, ஒரு வருஷ வரவு-செலவு நோட்டைக் காட்டுவது மேல். முடிந்தால் ஒரு ஷோவுக்கு அவர்களை அழைத்து வாருங்கள். முன்வரிசையில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

இந்த வாரமே தொடங்க என்ன செய்யலாம்?

● இரண்டு ஓபன் மைக்குக்குப் பார்வையாளராகப் போங்கள்.

● தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள். இன்று எரிச்சல் வந்தது எதற்கு, வெட்கப்பட்டது எதற்கு என்று தொடங்கினால் போதும்.

● அதிலிருந்து மூன்று நிமிடம் தேற்றி, போன் ஸ்டாப்வாட்ச் வைத்துச் சத்தமாகப் பேசிப் பாருங்கள். ஐந்து நிமிட ஸ்லாட்டுக்கு மூன்று நிமிடம் போதும். சிரிப்புக்கும் பதற்றத்துக்கும் நேரம் வேண்டும்.

● பெயர் கொடுங்கள். ஆடியோ பதிவு செய்யுங்கள். இறங்கியதும் கிளம்பாமல், மற்றவர்கள் பேசுவதையும் கடைசி வரை உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் அந்த நாற்காலிகளில் இருந்துதான் வரும்.

முதல் நாளில் யாரும் சிரிக்காமல் போகலாம். அப்படி நடந்தால் பதற வேண்டாம். அந்த 13 மணி நேரத்தில் இப்போதுதான் ஐந்து நிமிடம் முடிந்திருக்கிறது. மறுநாள் காலை வழக்கம்போல ஆபீஸ் போகலாம். டீ பிரேக்கில் சொல்ல ஒரு புதுக் கதையும் கிடைத்திருக்கும்.